தனக்கே போட முடியாத ஓட்டு

கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து ரயிலேறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் எடுத்த எடுப்பில் சொன்னாள்: "வார்டு மெம்பருக்கு நிக்கறேன். ஆனா எனக்கே நான் ஓட்டு போட முடியாதாம்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"மூணாவது வார்டைப் பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்க, அங்க நிக்கறேன். ஒரே ஊராட்சிதான், நிக்கலாமாம். ஆனா என் ஓட்டு அஞ்சாவது வார்டுல கீது."

"இது இன்னா கூத்து? உன் ஊட்டுக்காரருக்கு?"

"அவரு பேரு இன்னும் மாமியார் ஊட்ல, மூணாவதுலதான் கீது."

"அப்பாடா, ஒரு ஓட்டு கன்ஃபார்ம்."

"எங்கக்கா! கேக்காம மனு போட்டுட்டன்னு அன்னிலேர்ந்து என்னாண்ட பேசறதே இல்ல."

"இப்பவே போன் போட்டுக் கேளு."

தயங்கித் தயங்கிப் போட்டாள். "மாமா, உங்க ஓட்டு எனக்குத்தான?" சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குழம்பிய முகத்தோடு போனை இறக்கினாள்.

"இன்னா சொன்னாரு?"

"நைட்டுக்கு இன்னா கொழம்புன்னு கேக்கறாரு."

"அப்ப போடுவாரா, மாட்டாராடி?"

"தெர்லக்கா. நெத்திலி கெடைக்குதா பாக்கறேன், அவருக்குப் புடிக்கும்."

எளாவூர் வந்ததும் முதல் ஆளாக இறங்கி ஓடினாள்.