இடைவேளை வேண்டும் எங்களுக்கு

விண்மீன்களுக்கும் விருந்தோம்பும் விழாத் தலைவர் அவர்களே! அமர்வுக்கு அமர்வு அசையாமல் அமர்ந்திருந்த ஆன்றோரே! வேற்றுக்கிரக உடையை அளவெடுத்துத் தைத்து மாட்டிவிட்டு, அதற்குள் இருப்பது தன் பிள்ளைதானா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முகத்தில் பச்சை வண்ணம் பூசினாலும் அகத்தில் நிறம் மாறாத அறிவியல் புனைகதை அன்பர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

மாநாட்டில் ரசிகன் எதை வேண்டுகிறான்? கையெழுத்தையா? கண்காட்சியையா? கப்பல் பொம்மையோடு ஒரு படத்தையா? கேட்ட எல்லாவற்றையும் குழுவினர் இம்முறை கொடுத்துவிட்டார்கள். கொடுத்த கைகளை வணங்குகிறேன். ஆனால் அத்தனைக்கும் நேரம் போதாமல், யாருமே கேட்டிராத ஒன்றை எடுத்துவிட்டார்கள். அதன் பெயர் இடைவேளை.

"இடைவேளையில என்னங்க நடக்குது? சும்மா நிக்கிறாங்க, அவ்வளவுதானே?" என்று தலைவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சொல்கிறேன், ஐயா.

நம் அன்பர்கள் இருவர். பெயர் சொல்வது நாகரிகமல்ல. ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி, பல் செட் செய்பவர். அந்தத் தொழில்களில் இந்த அரங்கில் வேறு எவரும் இல்லை என்பது தற்செயல். குடும்பத்தில் ஒரு மனத்தாங்கல். காரணம் இருவருக்கும் மறந்துவிட்டது. கோபம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் பேச்சே இல்லை. ஆனால் ஆண்டுதோறும் இங்கே, இடைவேளையில், மாடிப்படிக்கு அடியில், விண்கப்பலை எப்படி நிறுத்துவது என்று ஒரு சண்டை.

"வெட்டவெளியில பிரேக் எதைப் பிடிக்கும் மாமா?"

"கப்பலைத் திருப்பிப் போட்டு எஞ்சினை முடுக்கு மாப்ளே, அதான் பிரேக்கு! பல்லு கட்டுறவனுக்கு இதெல்லாம் எங்க..."

"ஆமா, இவரோட லிஃப்டே ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. கப்பலை நிறுத்தப் போறாராம்!"

அன்பர்களே, அது சண்டையா? அந்தக் குடும்பத்தில் மிச்சமிருக்கும் ஒரே உரையாடல் அது! இம்முறை மாடிப்படிக்கு அடியில் செவ்வாய்க் குடியிருப்பின் மாதிரியை வைத்துவிட்டோம். இடைவேளையும் இல்லாததால் அரங்கில் அவர் இடது ஓரம், இவர் வலது ஓரம். மாநாடே முடியப் போகிறது. சற்றுமுன் வாசலில் மெக்கானிக்கின் மனைவி, அந்த அக்கா, என்னை நிறுத்திச் சொன்னார்: "அண்ணே, தம்பி அடுத்த வாரம் குடும்பத்தோட வெளிநாட்டுக்குப் போயிடறான். இங்க பேசலைன்னா ரெண்டு பேரும் எங்கயும் பேச மாட்டாங்க."

நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்தது மேடை ஒன்றுதான். ஆகவே அறிவியல் துணையோடு முடிக்கிறேன். எஞ்சினை அணைத்தவுடன் விண்வெளியில் கப்பல் தானாகவே நின்றுவிடுவது போல...

என்ன? இடது ஓரத்தில் எழுந்தவர் என்ன சொல்கிறார்? "நிக்காதுங்க!" வலது ஓரத்திலும் அதே குரலா? இருவருமே நிற்காது என்கிறீர்கள். சரி, அப்படியானால் எப்படித்தான் நிறுத்துவது? எனக்கு வேண்டாம்; உங்களுக்குள் முடிவுசெய்து சொல்லுங்கள்.

பொறுங்கள், தலைவரே, மணி அடிக்காதீர்கள். தம்பி நடைபாதைக்கு வந்துவிட்டார். காது கொடுங்கள்: "மேடையில நிக்கிறவரு சொன்னதும் தப்பு, நீங்க வருசாவருசம் சொல்றதும் தப்பு மாமா!"

மாமா என்றுவிட்டார்!

அக்கா, அழாதீர்கள்; உங்கள் வீட்டுக்காரரும் பதில் சொல்ல நடைபாதைக்கு வந்துவிட்டார். என் பேச்சில் இன்னும் பாதி இருக்கிறது. அந்த நேரத்தை அவர்களுக்கே தருகிறேன். இவ்வளவு நேரம் கேட்டவர்களுக்கு நன்றி. என்னை விட்டுவிட்டு அவர்களைச் சுற்றிக் கூடிவிட்டவர்களுக்கு அதைவிட நன்றி. வணக்கம்.