பெட்ரோல் வண்டியைக் கேட்டவர்

அட, நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள ஏறி உக்காந்துட்டீங்களா! இறங்காதீங்க சார், இருங்க இருங்க. இதுல என்ன இருக்கு, வாங்கப்போற ஆளு உக்காந்து பாக்காம பின்ன நானா உக்காந்து பாக்குறது? சீட்டு எப்படி, முதுகுக்குச் சரியா இருக்கா? உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரில்ல இருக்கு. கண்ணாடி அவ்வளவுதான் இறங்கும், ரெண்டு விரல். சுத்துற கைப்பிடி கழண்டு அந்த பெஞ்சு மேல கிடக்கு, அப்புறமா மாட்டித் தர்றேன். நான் வெளிய நின்னே பேசுறேன், பரவால்ல. முப்பது வருஷமா நின்னு வேலை பாத்தவன், உக்காந்தாதான் எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்.

ஆங், ஆமா சார், விளம்பரத்துல போட்டிருந்த ரெண்டு வண்டி இதுங்கதான். நீங்க உக்காந்திருக்கிறது பெட்ரோல். அதோ தகரக் கூரைக்குக் கீழ பச்சையா நிக்குது பாருங்க, அது டீசல். ரெண்டும் ஜீப்பு, ரெண்டும் நாலு சக்கரமும் இழுக்கும். ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கொஞ்சம் சொல்றேன், கேளுங்க. அவசரம் ஒண்ணும் இல்லையே?

அந்த டீசலு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. கேட்டதும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. டீசல் எஞ்சினுக்கு அதெல்லாம் நடுவயசு. இதே கையால முழுசாப் பிரிச்சு, உள்ள இருக்கிறது ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாத்து, திரும்ப மாட்டியிருக்கேன். சேத்துல முழங்கால் வரைக்கும் இறக்குனாலும் முனகாம ஏறி வரும். கிளம்புறப்போ மட்டும் கொஞ்சம் கத்தும், என் வீட்டுக்காரி மாதிரி. அப்புறம் நாள் பூரா உழைக்கும். விலையும் மார்க்கெட்டுல போறதுல பாதிதான் சொல்லியிருக்கேன். கண்ணு தெரியாதவன் வந்தாக்கூட அதைத்தான் தடவிப் பாத்து எடுப்பான்.

இது நாப்பத்தாறாயிரம்தான் ஓடியிருக்கு. மீட்டரைத் திருப்பிட்டாங்களோன்னு சந்தேகப்படாதீங்க. பிரேக் மிதிக்கிற கட்டை ரப்பரைப் பாருங்க, கோடு கூட அழியல. ஸ்டியரிங் இன்னும் வழவழன்னு ஆகல. மீட்டர் பொய் சொன்னாலும் இதெல்லாம் பொய் சொல்லாது. ஆனா பெட்ரோல் எஞ்சின் சார், ஏத்தத்துல தண்ணி மாதிரி குடிக்கும். இடதுபக்கம் மட்டும் யாரோ புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, வெயில்ல பாத்தா பல் இளிக்கும். முன்னாடி பம்பர் இதோடது இல்ல, வேற எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டுனது. விலை, அந்த டீசலை விட ஒண்ணரை மடங்கு போட்டிருக்கேன். எனக்கே கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

இதுதான் வேணுமா?

பேரம்கூடப் பேச மாட்டேங்குறீங்களே சார். நல்ல மனசு. உங்களுக்கு முன்னாடி இருபத்திமூணு பேர் வந்தாங்க, பதினோரு மாசத்துல. தோட்டம் வச்சிருக்கவரு, சர்வே எடுக்குறவரு, மலையில கூடாரம் போட்டுத் தங்கப் போறோம்னு கைகோத்துட்டு வந்த புருஷன் பொண்டாட்டி, ஒரு பல் டாக்டர். அத்தனை பேரும் நேரா டீசலுக்குத்தான் போவாங்க. இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தவங்களும் முதல்ல ஒரே கேள்விதான் கேட்டாங்க. இவ்வளவு கம்மியா ஓடுன வண்டிய ஏன்யா வித்தான்? நியாயமான கேள்விதானே? நீங்கதான் அதைக் கேக்கல.

டீசலை ஏன் இன்னும் விக்கலைன்னா? அதுவா... வந்தவங்களுக்கு ஏதாவது ஒரு சாக்கு சொல்லி அனுப்பிடுவேன். ஆர்.சி. இன்னும் வரல, தம்பி கேட்டிருக்கான், வேற ஒருத்தர்கிட்ட டோக்கன் அட்வான்ஸ் வாங்கிட்டேன், இப்படி. பல் டாக்டருக்கு மகா கோபம். விக்க மனசில்லாதவன் எதுக்குய்யா விளம்பரம் குடுக்குறேன்னு திட்டிட்டுப் போனாரு. போகட்டும். அவரு சொன்னதுலயும் தப்பில்ல.

மேல பாக்குறீங்களா? துணி காயப்போடுறது என் வீட்டுக்காரிதான். பட்டறைக்கு மேலதான் வீடு. யாராவது வண்டி பாக்க வந்தா அவளுக்குக் காயப்போட துணி வந்துடும். காஞ்ச துணியையே திரும்ப நனைச்சுக் கொண்டுவந்து போடுவா. கண்டுக்காதீங்க.

முன்பக்கம் பிரிச்சேனான்னா? இதை மூணாவது தடவையா கேக்குறீங்க சார். போன்ல ஒரு தடவை, கேட்டுல நுழையும்போது ஒரு தடவை, இப்போ. விளம்பரத்துலதான் போட்டிருந்தேனே, முன்பக்கம் பிரிக்கவே இல்ல, உள்ள இருந்தது இருந்தபடி இருக்குன்னு. அந்த ஒரு வரிய எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நான் எழுத்தாளனா என்ன? வீட்டுக்காரிதான் சரி பண்ணிக் குடுத்தா.

இன்னைக்கே எடுக்கணுமா? ஓட்டிக்கூடப் பாக்க வேணாமா? கட்டி இழுத்துட்டுப் போக வண்டி சொல்லிட்டு வந்திருக்கீங்களா! பலே. ஏற்பாடெல்லாம் பலமா இருக்கு. சரி, பத்து நிமிஷம். ஒரு விஷயம் சொல்லிட்டா என் மனசு கொஞ்சம் லேசாகும். நீங்கபாட்டுக்கு உக்காருங்க.

எனக்கு ஒரே பொண்ணு. மருந்துக் கடையில வேலை. டாக்டர் கையெழுத்து எந்தக் கிறுக்கலா இருந்தாலும் படிச்சிடுவா, என் கையெழுத்தைப் பாத்துத்தான் சிரிப்பா. வேலைக்குப் போக சைக்கிள். ஊரே கேலி பண்ணும், மெக்கானிக் பொண்ணு சைக்கிள்ல போகுதுன்னு. ஒரு பழைய ஸ்கூட்டரைப் பிரிச்சு உனக்குன்னு ஒண்ணு கட்டித் தர்றேன்டின்னு சொல்லி வச்சிருந்தேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு மூணு வருஷம் ஓட்டிட்டேன். வந்தவன் வண்டியெல்லாம் முதல்ல, சொந்தப் பொண்ணு வண்டி கடைசில. அதோ அந்த மூலையில தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு பாருங்க, அதான் அந்த ஸ்கூட்டர். தொட மனசு வரல.

ஆனா அந்த சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு சிவப்பு விளக்கு செஞ்சு குடுத்தேன். ஒரு ஸ்கூட்டர் விளக்கோட சிவப்புக் கண்ணாடிய அறுத்து, தேய்ச்சு, செம்புக் கம்பியால இறுக்கிக் கட்டி. எனக்கு இடது கைதான் சார் ஓடும். எல்லாரும் கம்பிய ஒரு பக்கமா முறுக்குனா நான் எதிர்ப்பக்கமா முறுக்குவேன். கூட வேலை பாக்குறவனெல்லாம் திட்டுவான், நீ கட்டுனதை எங்களால அவுக்க முடியலப்பான்னு. அப்பா, இந்த விளக்கு பக்கத்து ஊருக்கே தெரியும்ப்பான்னு சொன்னா என் பொண்ணு. அவ்வளவு பளிச்சுன்னு எரியும்.

போன வருஷம், மழைக்காலம். சாயந்திரம் ஆறரை மணி. கோடு போட்ட மாதிரி நேரான ரோடு, வளைவுகூட இல்ல. பின்னாடி இருந்து வந்து அடிச்சிட்டுப் போயிட்டாங்க.

ஐயோ, நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க? உக்காருங்க. கதவா? இருங்க, திறக்குறேன். முடிச்சிடுறேன்.

யாருன்னு தெரியல. நிறம் தெரியல, நம்பர் தெரியல. ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து என் செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம். மூணாவது மாசம் ஒரு புரோக்கர் இந்த வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்து இங்க விட்டான். அடிமாட்டு விலை. பேப்பர் ரெண்டு பேரு மாறி வந்திருக்கு, அந்த ரெண்டு பேரும் வண்டியக் கண்ணால கூடப் பாக்கல, கையெழுத்து மட்டும் போட்டவங்க. முதல் ஓனர்னு ஒரு கம்பெனி பேரு இருக்கு. அந்த விலாசத்துல போய்ப் பாத்தா காலி மனை. சரி நமக்கென்னன்னு வேலைய ஆரம்பிச்சேன். பம்பரைக் கழட்டி, ஹெட்லைட்டைக் கழட்டி, அதுக்குப் பின்னாடி கைய விட்டேன். ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டு. அதுல செம்புக் கம்பி. எதிர்ப்பக்கமா முறுக்குனது.

ஆமா சார், பிரிச்சேன். விளம்பரத்துல போட்டது பொய்.

அன்னைக்கு நான் இந்தத் தரையில உக்காந்து அழுத அழுகை, எனக்கே வேற யாரோ அழற மாதிரி கேட்டுச்சு. அதைக் கையில எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு ஓடுனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன்தான். வாங்கி வச்சுக்கிட்டாரு, எழுதியும் வச்சுக்கிட்டாரு. ஆனா பெரியவரே, வண்டி கிடைச்சிடுச்சு, ஓட்டுன ஆளு இல்லையே, அந்தக் கம்பெனியில இருந்தது யாருன்னே புடிக்க முடியலையே, வண்டி உங்க பட்டறையிலயே இருக்கட்டும், ஆளக் காட்டுங்க, மத்ததை நான் பாத்துக்குறேன்னாரு. ஆளுக்கு நான் எங்க போவேன்? அப்பதான் வீட்டுக்காரி சொன்னா, நாம போக வேணாங்க, அவனே வருவான்னு. உள்ள இருந்தது இருந்தபடி இருக்குன்னு தெரிஞ்சா அவனுக்குத் தூக்கம் வராது, நல்ல வண்டிய விட்டுட்டு இதைக் கேட்டு வருவான்னா. அதுக்குத்தான் பக்கத்துல டீசலை நிறுத்துனது. அவ சொல்லுறப்போ எனக்கு நம்பிக்கை இல்ல.

இல்ல சார், நான் யாரையும் எதுவும் சொல்லலையே. பழைய வண்டி மேல பிரியம் உள்ளவங்க இருப்பாங்க, பெட்ரோல்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களும் இருப்பாங்க. அதை வச்சு ஒரு மனுஷனைப் பிடிச்சிட முடியுமா? எனக்கும் பொம்பளப் புள்ள இருந்துச்சு, நானும் பாவ புண்ணியம் பாக்குறவன். அதனாலதான் நீங்க வந்ததும் கை கழுவிட்டு வர்றேன்னு அந்தப் பக்கம் போனேன். குழாய்க்கு மேல ஒரு பழைய சைடு கண்ணாடி மாட்டியிருக்கேன், தெரியுதா? அதுல உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்.

இந்தக் கதவு இருக்கே சார், இது ஒரு சனியன். கைப்பிடிய இழுத்தா வராது. மேல தூக்கணும், தூக்கிக்கிட்டே முழங்காலால கீழ ஒரு இடி இடிக்கணும். வண்டி வந்த அன்னைக்கு இதைக் கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, முப்பது வருஷ மெக்கானிக்குக்கு. வேணும்னே சரி பண்ணாம விட்டேன். இதுக்கு முன்னாடி இந்தக் கதவைத் தொட்டவங்க எல்லாரும் இழுத்து இழுத்துப் பாத்துட்டு, யோவ் இங்க வாய்யான்னு என்னைக் கூப்பிட்டவங்கதான். நீங்க கூப்பிடல. தூக்குனீங்க, இடிச்சீங்க, ஏறி உக்காந்தீங்க. உங்க வீட்டுக் கதவைத் திறக்குற மாதிரி, கையப் பாக்கக்கூட இல்ல.

உள்ள இருந்து அது திறக்காதுன்னும் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிய இறக்கி, கைய வெளிய விட்டுத்தானே திறப்பீங்க? அதான் கண்ணாடி சுத்துற கைப்பிடிய இன்னைக்குக் காலையில நானே கழட்டுனேன். அந்தப் பக்கம் சுவரு. பின்னாடி டயர் அடுக்கியிருக்கேன். கண்ணாடிய ஒடச்சாலும் ஒடைங்க, வெளிய நான்தான் நிக்கிறேன். கையில ஸ்பேனர்கூட இல்ல, பாருங்க. உங்க மேல ஒரு விரல் படாது.

மேல பாத்தீங்களா, துணியெல்லாம் எடுத்துட்டு உள்ள போயிட்டா. நான் இந்தத் துண்டைத் தோள்ல போட்டா அவ போய் இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணணும். பதினோரு மாசமா பேசி வச்சது. நீங்க ஏறி உக்காந்த உடனேயே போட்டுட்டேன், அவளும் போன் பண்ணிட்டு வந்துதான் திரும்பத் துணி காயப்போட்டா. ஸ்டேஷன்ல இருந்து இங்க வர இருபது நிமிஷம் ஆகும், பாதி போயிருக்கும்.

அவங்க வந்தா அவங்க கேள்வியெல்லாம் கேப்பாங்க. வேகம் என்ன, லைசென்ஸ் எங்க, குடிச்சிருந்தியா. எனக்கு அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அன்னைக்கு சேத்துல ஷூ தடம் இருந்துச்சு சார். வண்டிய நிறுத்தி, இறங்கி, எட்டு அடி நடந்து அவகிட்ட வந்திருக்கீங்க. அங்க நின்ன இடத்துல தடம் ஆழமா இருந்துச்சு, கொஞ்ச நேரம் நின்னிருக்கீங்க. அப்புறம் எட்டு அடி திரும்பிப் போயிருக்கீங்க. அதுக்கு மேல ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. கடைசியா அவ பக்கத்துல நின்ன மனுஷன் நீங்க. பெத்த நாங்க இல்ல.

அவ ஏதாவது சொன்னாளா சார்? தண்ணி கேட்டாளா? என்னைக் கூப்பிட்டாளா?

ரெண்டு விரல் திறந்திருக்கு. மெதுவா சொன்னாலும் கேக்கும்.