பசுபதி அண்ணன் காரின் ரேடியோ

– இப்பக் கேளு நைனா. எஞ்சினை ரைஸ் பண்றேன். ரேடியோவுல உய்ங்னு ஏறுதா?

– ஏறுதுண்ணே.

– காலை எடுத்துட்டேன். இப்பயும் இருக்கா?

– லேசா இருக்கு.

– அதான பாத்தேன். கீழமாசி வீதியில ஒரு மெக்கானிக் அரைமணி நேரம் ஒக்காந்து கேட்டுட்டு, ‘ஒரு இரைச்சலும் இல்ல சார்’ங்கிறான். செவிட்டுப் பய. நாலு வார்த்தை திட்டிட்டு வந்துட்டேன்.

– அவனுக்கு டார்ச் லைட்டுல பேட்டரி போடத்தான்ணே தெரியும்.

– நீயும் டைனமோவுல கண்டன்சர் மாத்திட்ட. எர்த் வயரைச் சொரண்டி இறுக்கிட்ட. அப்புறமும் எங்கேருந்து வருது?

– ஏரியல் அடியில துரு இருக்கும்ணே. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் கழட்டிப் பாத்துருவோம்.

– நாலு மாசமா உசுர எடுக்குதுடா. எஞ்சினை அணைச்சாலும் மண்டைக்குள்ள நிக்குது.

– போயிரும்ணே. டீ சொல்லவா?

– எதுத்த கடையில நானே குடிச்சுக்கிறேன். வண்டி இங்கன நிக்கட்டும். ரோட்டைத் தாண்டிப் போயிட்டு வாரேன்.

*

– முன்சீட்டுல ஏறு தம்பி. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுதான் இந்த வண்டிக் கதவைத் தொறக்கவே எனக்குத் தைரியம் வந்துச்சு.

– விஜயம் அக்கா, நான்தான் ரோட்டுலேருந்து அண்ணனைத் தூக்கினேன். பஸ்ஸுக்காரன் வளைவுலேருந்தே ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தான். தெருவுல நின்ன அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தோம். அண்ணன் மட்டும் திரும்பல.

– எப்படித் திரும்புவாரு? சித்திரையிலேருந்தே ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் ஏன்னு கேப்பாரு. படுத்த பெறகும் எந்திரிச்சு ஒக்காந்து, கார்ச் சத்தம் கேக்குதும்பாரு. காது டாக்டர்கிட்ட போவோம்னு எம்புட்டோ கெஞ்சினேன்.

– வரலையா?

– ‘என் காதுல என்னடி கோளாறு, நைனாவுக்கும்தான அந்தச் சத்தம் கேக்குது’ன்னு சொல்லிருவாரு. ஏன் தம்பி, தலையைக் குனிஞ்சுக்கிட்ட?

– ஒண்ணுமில்லக்கா.

– சாவி இந்தா. அந்தச் சத்தத்தை ஒருக்கா போட்டுக் காட்டு. அவரு கேட்டதை நானும் கேக்கணும்.

– வேணாம்க்கா.

– போடு தம்பி.

– போட்டுட்டேன்.

– பாட்டுத்தான வருது. ஆக்ஸிலேட்டரை மிதி.

– மிதிச்சுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்.

– இரைச்சல் எங்க?

– இன்னொரு மெக்கானிக்கைத் திட்டிட்டு வந்திருந்தாரு. நானும் இல்லைன்னு சொன்னா மனசு விட்டுருவாருன்னு…

– சத்தம் எங்க தம்பி?

– அன்னைக்கும் ரேடியோ இப்படித்தான்க்கா பாடுச்சு, சுத்தமா.