பார்த்து எழுதியவன்

காபி நன்றாகவே இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் காபி வாயில் வைக்க விளங்காது என்று நாவல்களில் எழுதுகிறார்கள். பார்க்காமல் எழுதுகிறவர்கள்.

என் பெயர் சுந்தரராமன். இங்கே நியூஜெர்சியில் ஒரு கல்லூரியில் அமெரிக்க இலக்கியம் நடத்துகிறேன். பார்ட்டிக்குப் போனால் நம் எஞ்சினியர்கள், "இங்கிலீஷ் வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டு க்ரீன் கார்டு பேசப் போய்விடுவார்கள். அதை நான் பொருட்படுத்தியதில்லை. எங்கள் துறையில் மதிப்பு வேறு விதம். உள்ளதை உள்ளபடி, கண்ணை மூடாமல் எழுதுகிறவன்தான் அங்கே அறிவாளி. மற்றவனெல்லாம் கதை சொல்கிறவன், அவ்வளவுதான்.

என் முதல் நாவலில் ஒரு மனைவி இறந்துபோவாள். துறைத் தலைவர் கைப்பிரதியைப் படித்துவிட்டு, "அழகாக இருக்கிறது. ஆனால் நீ சாவைப் பார்த்ததில்லை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சொன்னது சரி.

தொண்ணூற்றாறு அக்டோபர், ஒரு ஞாயிறு மதியம். என் மனைவி பவளம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள்.

"என்னங்க, மூச்சு விட முடியல. நைன் ஒன் ஒன் கால் பண்ணுங்க."

போன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளை நான் தொடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் உதடு நிறம் மாறியது. மடித்து வைத்த டவலை அவள் விரல்கள் பிரித்துக்கொண்டே இருந்தன. இதை எந்தக் கற்பனையும் தராது. அவள் மூச்சு அடங்கிய பிறகு போன் செய்தேன். கராஜில் இருந்தேன், சத்தம் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

திருத்தி எழுதிய நாவல் வந்தது. பரிசும் வந்தது. 'ஈவிரக்கமற்ற நேர்மை' என்று ஒரு பத்திரிகை பாராட்டியது. இத்தனை வருடம் அதைத் தொடாத என் மகள் மானஸா, போன மாதம் படித்துவிட்டு கலிஃபோர்னியா டப்ளினிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா டவலைப் பிரிச்சிட்டே இருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. பட் யூ வேர் இன் த கராஜ், ரைட்?"

சமாளித்திருக்கலாம். அது என் எழுத்துக்கு இழுக்கு. "பார்த்தேன்" என்றேன்.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். வரட்டும். எனக்கு வெட்கமில்லை. அன்று ஆம்புலன்ஸ் வந்திருந்தால் பவளம் இன்னும் இருபது வருடம் துணி மடித்திருப்பாள், யாருக்குத் தெரிந்திருக்கும்? இன்று அவளை வகுப்பில் பாடமாக நடத்துகிறார்கள். அந்தப் புத்தகத்தில் பொய்யென்று ஒரு வரி கிடையாது.

ஒரே ஓர் இடம் தவிர. நாவலில் அந்தக் கணவன் உடனே ஓடிப்போய் போன் செய்கிறான். இல்லாவிட்டால் வாசகர்கள் அவனை வெறுத்துவிடுவார்கள்.