முறைத் தண்ணீர்

இரவு பத்து மணி இருக்கும். ஐயம்பேட்டை தாண்டி, ஷேர் ஆட்டோ அதற்கு மேல் வராது என்று இறக்கிவிடுகிற இடம். அங்கிருந்து உள்ளே ஒரு தார் ரோடு போகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். விளக்குக் கம்பங்கள் உண்டு... ஒன்று விட்டு ஒன்றுதான் எரியும். அந்த ரோட்டில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். கையில் டிபன் கேரியர். அது ஆடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கிணிங்... கிணிங்...

நம் ஏஞ்சலைத் தெரியுமல்லவா, பட்டுக் கடையில் பில் போடுகிறவள்? அவளுடைய அக்கா ஷாரோன்தான் அந்தப் பெண். போன புரட்டாசியில் நடந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மூன்றாம் ஜாமப் பூசைக்கு நேரம் இருக்கிறது. சிவராத்திரியில் கண் அசந்தால் விரதம் போயிற்று. இதைக் கேட்டால் அசராது.

அந்த மதிலுக்குள்ளே இருப்பது கோல்ஃப் மைதானம். சுற்றிலும் வில்லாக்கள். சென்னையில் வேலை செய்கிறவர்கள் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். காலையில் பேட்டரி வண்டியில் ஏறிப் போய்ப் பந்தடிப்பார்கள். நடுநடுவே அழகுக்கு வெட்டிய குளங்கள். அவற்றுக்கு இரவில் மோட்டார் போட்டுத் தண்ணீர் நிரப்புகிற வேலை ஷாரோனின் புருஷன் ஜான்சனுக்கு.

ஆடி மாதத்திலிருந்து குளங்கள் வற்ற ஆரம்பித்தன. சாயந்திரம் தளும்பிக்கொண்டிருக்கும். விடிந்து பார்த்தால் சேறு. வெயிலில் வற்றினால் நாளாகும். இது ஒரே ராத்திரியில்... பிறகு புல்தரையில் குழி விழுந்தது. முதல் குழி அண்டா வாய் அளவு. அடுத்ததில் ஒரு பேட்டரி வண்டியின் முன் சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டன. பெரிய படிப்புப் படித்தவர்கள் கருவிகளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பதில் வருவதற்குள் மேனேஜர் லோகேஷ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஜான்சன் ராத்திரியில் டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்கிறான்.

"இன்னிக்கு ராத்திரியும் தண்ணி எறங்குச்சுன்னா, காலையில ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஜான்சன் வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னான். கோபப்படவில்லை, அழவில்லை. சாப்பிடாமல் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஷாரோனுக்கும் பயம் என்று ஒன்று வரவில்லை. கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாது அல்லவா... நெஞ்சு அப்படி இருந்தது. சோறு வடித்தாள். கருவாட்டுக் குழம்பைக் கேரியரில் ஊற்றினாள். ராத்திரி முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, தண்ணீர் எப்படிப் போகிறது என்று தன் கண்ணால் பார்ப்பது. அவ்வளவுதான் அவள் யோசனை. கட்டினவள் சாட்சியை எந்த ஸ்டேஷனில் ஏற்பார்கள்? அவ்வளவு தூரம் அவள் யோசிக்கவில்லை. அவனைத் திருடன் என்று யாரும் சொல்லக்கூடாது.

கேட்டில் செக்யூரிட்டி சின்னப்பையன். வயது ஐம்பதுக்கு மேல். பெயர் மட்டும் அப்படி. கேபினுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, புருஷனுக்குக் காவலா? அப்ப ஒனக்கு எதுக்குய்யா சம்பளம்னு என்னை மேனேஜர் கேக்கப்போறாரு."

"உள்ள உடுண்ணா. விடியற வரைக்கும் அவராண்ட குந்திக்கினு இருந்துட்டுப் போயிடறேன்."

"ரூல்ஸ்ல எடமில்ல." சொல்லிக்கொண்டே சின்னக் கதவைத் திறந்துவிட்டார். "நான் உன்னைப் பாக்கவேயில்ல. சாப்ட்டுக்கினு இருந்தேன்."

தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருப்பிக் காட்டினார். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. "பாரு, உங்க அண்ணி வெட்டிக் குடுத்துக்கீறா. டப்பா எங்க தொலஞ்சாலும் வூடு வந்து சேரணுமாம்."

"நீ தொலஞ்சா?"

"டப்பாவைத் தேடுவா. என்னைத் தேடமாட்டா." சிரித்தார். தன்னிடம் மிச்சமிருந்த எலுமிச்சை ஊறுகாயை அவள் கேரியரின் மேல் தட்டில் வைத்தார். "ஜான்சனுக்குக் குடு. வாய்க்கு உப்பு ஒறச்சா மனசும் கொஞ்சம் முழிச்சுக்கும்."

இதை மறந்துவிடாதீர்கள். நல்ல மனிதர்.

பம்ப் ரூம் படியில் ஜான்சன் உட்கார்ந்திருந்தான். எதிரே குளம், நிறைந்து கிடந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு, தண்ணீர் மட்டத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தான். மோட்டார் சாவி அவன் உள்ளங்கையில்.

"சாப்பிடுங்க."

"அப்பறம்."

தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் வில்லாக்களில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ... தவளைகள் நின்றுவிட்டன. ஒன்றொன்றாக அல்ல. ஒரே சமயத்தில்.

பிறகு வாசனை. காய்ந்து வெடித்த நிலத்தில் முதல் தண்ணீர் பாயும்போது ஒரு வாசனை வரும். அதோடு வைக்கோல் வாசனை. அங்கே வயலே கிடையாது.

களக்.

ஷாரோன் குச்சியைப் பார்த்தாள். சிவப்பு நூல் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. பார்க்கப் பார்க்க இரண்டு சாண். குளத்தின் நடுவில் தண்ணீர் மெதுவாகச் சுழன்றது. தட்டில் இருக்கிற ரசத்தை யாரோ அடியிலிருந்து உறிஞ்சுவதுபோல... களக்... களக்... ஜான்சன் கையை விரித்துச் சாவியைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

சளப்... சளப்...

சேற்றில் நடக்கிற காலடி. ஆனால் கேட்டது காய்ந்த புல்தரையிலிருந்து. ஒரு ஆள், இடுப்பில் துண்டு, தோளில் மண்வெட்டி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வில்லாக்களின் பக்கம் போனான். முதல் வீட்டுக் கதவை மண்வெட்டிக் காம்பால் தட்டினான். டொக்... டொக்.

"தண்ணி வருது. மடைய தெறந்துக்கோ."

நின்றான். யாரும் திறக்கவில்லை. அடுத்த வீடு. டொக்... டொக். "தண்ணி வருது. மடைய தெறந்துக்கோ." உரக்கச் சொல்லவில்லை. தூங்குகிறவனை எழுப்புகிற பக்குவமான குரல்.

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார், கேள்விப்பட்டிருப்பீர்கள். ராத்திரியில் ஏரித் தண்ணீருக்குள் முங்கி மதகைத் திறந்துவிட்டு, இன்று யார் முறையோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புவது அவர் வேலை. எழுந்து வருகிறவர்கள் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு, அவருக்குச் சோறு போடுவார்கள். கோல்ஃப் மைதானம் வருவதற்கு முன்னால் அந்த இடம் ஒரு தாங்கல். சின்ன ஏரி. ஆனால் தாங்கலைத் தூர்த்து எத்தனையோ வருஷமாகிறது. நீர்க்கட்டி என்று யாரும் இப்போது இல்லை.

ஒரு வீடும் விடாமல் தட்டிவிட்டு அந்த ஆள் கேட்டுக்குப் போனான். சின்னப்பையனின் டார்ச் வெளிச்சம் எழுந்தது.

"யோவ், யாருய்யா நீ? எந்த வழியா உள்ள பூந்த?"

அந்த ஆள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அது காதில் விழவில்லை. சின்னப்பையன் சொன்னது விழுந்தது.

"சோறுமில்ல, ஒண்ணுமில்ல. நடய கட்டு."

பொய் இல்லை. டப்பா காலிதான். வேலைக்குப் பயந்த மனிதர், வேறென்ன சொல்வார்? ஆனாலும் இல்லை என்பதைச் சொல்வதிலும் ஒரு விதம் இருக்கிறது. காலி டப்பாவைக் காட்டி, கொஞ்சம் தண்ணீராவது குடிக்கிறாயா என்று கேட்டிருக்கலாம். ஊறுகாய் வரைக்கும் எடுத்துக் கொடுத்த கைதான் அது...

டார்ச் அணைந்தது. சளப்... சளப்... இவர்களைப் பார்த்து வந்தது.

பம்ப் ரூம் விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் வந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. காலடியில் தரை நனையவில்லை. முகம் நிழலில். ஷாரோனுக்கு ஜெபம் வரவில்லை. "கர்த்தாவே" என்பதற்கு மேல் நாக்கு போகவில்லை.

"சோறு இருக்குதாம்மா?"

அவள் கேரியரைத் திறந்தாள். கை நடுங்கவில்லை. அதைத்தான் பின்னால் ஏஞ்சலிடம் திரும்பத் திரும்பச் சொன்னாளாம், நடுங்கியிருக்க வேண்டாமா என்று. ஜான்சனுக்கு வைத்திருந்த சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, குழம்பு ஊற்றி, ஓரத்தில் அந்த ஊறுகாயையும் வைத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மெல்லுகிற சத்தமே இல்லை. ஜான்சன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான், குழந்தை மாதிரி.

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். எந்தத் தண்ணீரில் கழுவினானோ... குளம் அதற்குள் சேறாகிவிட்டிருந்தது.

"உங்க நெலம் எந்தப் பக்கம்?"

"எங்களுக்கு நெலமில்லீங்க. எப்பவும் இருந்ததில்ல."

அவன் மண்வெட்டியை எடுத்துத் தரையில் ஊன்றினான்.

"சோறு போட்டுட்டீங்க. உங்க மொறைய எங்க உடறது?"

கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே பழகிய வாய். ஷாரோன் சொல்லிவிட்டாள். "வூட்டுக்குப் பின்னால ஒரு முருங்க மரம் வாடிக்கினு இருக்குதுங்க. மாகறல் போற ரோட்டாண்ட, எங்க தெருவுல கடைசி வூடு."

ஜான்சன் அவள் கையை அழுத்தினான். சொல்லி முடிந்துவிட்டது.

"சரி."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துச் சேற்றில் இறங்கினான். முழங்கால், இடுப்பு, தலை. சேறு மூடிக்கொண்டது.

விடிந்தது. குளத்தின் நடுவில் ஒரு துவாரம், கிணறு போல, சுவர் வழுவழுவென்று. ஒவ்வொரு வில்லாவிலும் வாசற்படிக்கு நேராக ஒரு குழி. உள்ளே இருந்தவர்கள் பின் கதவு வழியாக வெளியே வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டில்... கேபின் இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் நிறைந்த பள்ளம். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரை இறைத்தது. அடி தெரிந்தது. சின்னப்பையன் இல்லை. அவர் செருப்பு, டார்ச், சாப்பாட்டு டப்பா, எதுவும் இல்லை.

லோகேஷ் பள்ளத்தின் ஓரத்தில் நின்று ஜான்சனைப் பார்த்தார். ஸ்டேஷன் என்ற பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "நீ வீட்டுக்குப் போப்பா" என்றார். தண்ணீர் பூமிக்குள் போனதை ஊரே பார்த்துவிட்டது. இனி ஜான்சனை யாரும் திருடன் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தானே ஷாரோன் போனாள். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடி நனைந்திருந்தது. வேரோரத்தில் கையகலக் குழி ஒன்று. விளிம்பு வரைக்கும் தண்ணீர். தொட்டால் விறைக்கிற குளிர்ச்சி.

அன்று இரவு ஷாரோன் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள். கிண்ணத்தில் சோற்றை வைத்துப் பின் கதவுக்கு வெளியே விட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மறுநாளும் அப்படியே. மழை வந்தது, போனது, பொங்கல் போனது. தினமும் அப்படியே. ஜான்சன் ஒரு அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் எதுவும் கேட்பதில்லை. முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. அவர்கள் அதைப் பறிப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை காலையில் ஷாரோன் பின் கதவைத் திறந்தாள். வைத்தது ஒரு கிண்ணம். கவிழ்ந்திருந்தது இரண்டு.

இரண்டாவதாக இருந்தது கிண்ணமல்ல, மூடி போட்ட டப்பா. ஈரம் சொட்டியது. நிமிர்த்தினாள், மூடியில் புள்ளி புள்ளியாக எழுத்து. கட்டைவிரலால் தடவிப் படித்தாள்.

சின்னப்பையன்.

அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கிளம்பினாளாம். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டாள். என்ன சொல்லிக் கொடுப்பது?

டப்பாவைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அன்று சாயந்திரம் உலையில், இன்னும் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள்.