படலையில் வேப்பிலை

"உடம்பிலை ஒரு உயிர்க்கலம் சாகேக்கை அயலுக்குச் சொல்லிப்போட்டுத்தான் சாகுமாம், அக்கா."

பருத்தித்துறை பஸ்ஸில் என் முன் சீற்றுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. அவர் சத்தமாகக் கதைத்தார்.

"ஆர் சொன்னது?"

"லண்டனிலை ஆராய்ச்சி செய்யிற மகள். கிருமி பிடிச்ச கலம் இன்ரபெரோன் எண்டொரு சேதி அனுப்புமாம். உடனை பக்கத்துக் கலங்கள் முந்தி இல்லாத புரதங்களைச் செய்யுமாம். பிறகு கிருமி அங்கை பெருகேலாது."

"அம்மாள் வருத்தம் வந்த வீட்டு வாசல் படலையிலை வேப்பிலையைக் கண்டால் ஒருத்தரும் உள்ளுக்கு வராயினம், அயலட்டை மஞ்சள் கரைக்கும். அதுதானே?"

"ஓம், அவளும் அப்பிடித்தான் சொன்னவள்."

"கெட்டிக்காரி. எப்ப வாறாள்?"

வல்லை வெளிக் காற்று அடித்தது; அந்தத் தாய் யன்னலை இழுத்துச் சாத்தினார்.

"ஆறு வருசமாய் வரேல்லை, அக்கா. என்ரை படலையிலை வேப்பிலையோ கட்டிக் கிடக்கு?"