மாத்திரை நேரம் சொன்ன லிஃப்ட்

பதறாதீங்க சார், லிஃப்ட் ரிப்பேரெல்லாம் இல்ல. நான்தான் நிறுத்தினேன். ரெண்டே நிமிஷம். பதினோராவது மாடி டாக்டரம்மாவோட ஆராய்ச்சி தேறுமா தேறாதான்னு பாக்க வந்தவரு நீங்கதானே? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே, பரீட்சைப் பேப்பர் திருத்துற மூஞ்சி! அட, சிரிக்கக்கூட வருது உங்களுக்கு!

எனக்கு எப்படித் தெரியும்னா? நேத்து டாக்டரம்மா இங்க நின்னுக்கிட்டுத்தான் யார்கிட்டயோ போன்ல புலம்பினாங்க. லிஃப்ட்காரனுக்குக் காது இருக்கும்னு யாரும் நினைக்கிறதில்ல சார். போன்ல மாத்திரை நேரம் சொன்னா ரத்தக் கொதிப்பு குறையுமான்னு பாக்குறாங்க. இந்தக் கட்டடத்துல வேலை செய்யுற அறுபது பேரு. பிஸ்கட் டப்பாவுல சீட்டு போட்டுக் குலுக்கி, முப்பது பேருக்குப் போன் பேசும், முப்பது பேருக்குப் பேசாது. மாத்திரை மட்டும் எல்லாருக்கும். ஆறு மாசம் கழிச்சு அளந்தா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைஞ்சிருக்கு! அப்போ போனால பிரயோஜனமில்லன்னு நீங்க எழுதிட்டா, மாசக் கடைசியோட நிறுத்திடுவாங்க. தேறிடுச்சுன்னா அறுபது பேருக்கும் பேசும். சரிதானே?

எழுதிடாதீங்க சார். பேசாத பக்கத்துக்கும் ஒண்ணு பேசிக்கிட்டுதான் இருந்துச்சு. எதுவா? இருங்க, மூக்கைப் பிடிச்சுக்கறேன். வணக்கம். இது உங்கள் மாத்திரை நேரம். மாத்திரை சாப்பிட்டுவிட்டால் ஒன்றை அழுத்தவும். எப்படி? அந்தப் போன்காரம்மா அச்சு அசலா வந்து நிக்கலை?

காலையில ஏறுறவங்ககிட்ட எல்லாம் இதான். பெருக்குற அக்கா ஒருத்தங்க நிஜமாவே லிஃப்ட்ல ஒண்ணை அழுத்திடுவாங்க. ஒம்பதாவது மாடிக்குப் போற மேனேஜரு முதல் மாடியில நின்னு முழிப்பாரு பாருங்க, இந்தா, இப்படி! வாசல் காவல்காரரு சொல்வாரு, அவங்க போன் சட்டைப்பையில, எங்க போனுக்கு மட்டும்தான்டா மீசைன்னு.

நம்பலையா? சரி, பேசாத முப்பதுல நாலு பேரு லிஃப்ட்ல ஏறவே பயந்துக்கிட்டு படியிலதான் போவாங்க. அவங்க கணக்கை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. அத்தனை படி ஏறியும் குறைஞ்சிருக்காது, பந்தயம்!

தப்புதான் சார், ஒத்துக்கறேன். என் வீட்டுக்காரிக்காக ஆரம்பிச்சேன். மூணாவது மாடி துடைக்குது. சீட்டு பேசாத பக்கம் விழுந்துடுச்சு. மாத்திரையை மறக்கும், மறந்ததையும் மறக்கும். ஒருநாள் துடைக்கிற வாளியோட மயங்கி விழுந்துச்சு. புருஷனா நின்னு சொன்னா போய்யா வேலையைப் பாருங்குது. அதே ஆளு, போன்காரம்மா குரல்ல சொன்னா சரிங்கம்மான்னு முழுங்குது! கேட்டுட்டு பக்கத்துல நின்னவங்க எனக்கும் எனக்கும்னாங்க. வாய் சும்மா இருக்குமா?

ஆறு மாசம் கம்முனு இருந்துட்டு இப்ப ஏன் சொல்றேன்னா? அது ஒண்ணுமில்ல சார். வெள்ளிக்கிழமை தொண்டையில ஒரு சின்ன கட்டியை வெட்டி எடுக்கப் போறாங்க. அப்புறம் குரல் வந்தாலும் வரும், வராட்டியும் போகும்னாரு டாக்டரு. வீட்டுல இன்னும் சொல்லல. சனிக்கிழமை காலையில அதுக்கு மாத்திரை நேரம்னு யாராச்சும் சொல்லணும்ல?